‘ஆபரேஷன் ஆகிவிட்டதே, இனி எதற்குச் சலுகை?’

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. மூன்று வயதில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைசிகிச்சை நடந்தது. பேச்சுப் பயிற்சிக்குப் பிறகு இப்போது நன்றாகப் பேசுகிறாள். மெட்ரிக் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். முன்வரிசையில் உட்கார வையுங்கள், வீட்டுப்பாடத்தைப் போர்டில் எழுதிப் போடுங்கள் என்று கேட்டால், ‘அதான் ஆபரேஷன் ஆகிவிட்டதே’ என்கிறார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழும் இனி செல்லாதாம். அடுத்த வருஷம் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளவும் சொல்கிறார்கள். நான் என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பள்ளி சொல்லும் மூன்றுமே சட்டப்படி தவறு.

காக்ளியர் இம்ப்ளான்ட் காதைக் குணப்படுத்துவதில்லை. பழுதான உட்செவியின் வேலையைத் தான் ஏற்று, செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டுகிறது, அவ்வளவுதான். ஓடிப்பிடித்து விளையாடும்போது காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டியிருக்கும் ‘காயில்’ (coil) என்ற வெளிப்பகுதி கழன்று விழுந்தாலோ, பேட்டரி தீர்ந்தாலோ உங்கள் மகளுக்கு எதுவும் கேட்காது. கருவி ஓடும்போதும், பிள்ளைகள் இரைச்சலுக்கு நடுவே டீச்சர் போர்டு பக்கம் திரும்பிப் பேசினால் பல சொற்கள் தப்பிவிடும். நீங்கள் கேட்ட இரண்டும் இதற்காகத்தான் என்பதைப் பள்ளிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ன் 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். ஆகவே மெட்ரிக் பள்ளி தப்பிக்க முடியாது. பாகுபாடின்றிச் சேர்ப்பதும், அந்தக் குழந்தைக்கு வேண்டிய நியாயமான வசதிகளைச் செய்து தருவதும் அவர்கள் கடமை. அப்படிப்பட்ட வசதியை மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது 2-வது பிரிவு. தேர்வில் கூடுதல் நேரம், இரண்டாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு 17-வது பிரிவு வழிசெய்கிறது.

சான்றிதழ் செல்லாது என்று தீர்மானிக்க வகுப்பாசிரியருக்கோ தலைமையாசிரியருக்கோ அதிகாரம் கிடையாது. அதை வழங்குவது சட்டப்படி அறிவிக்கப்பட்ட மருத்துவ அதிகாரி. அவருடைய முடிவில் குறை இருந்தால் 59-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். சான்றிதழில் காலாவதித் தேதி இருந்தால், அதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

இனி செய்ய வேண்டியவை:

1. வாய்ப்பேச்சை நிறுத்துங்கள். என்னென்ன வசதி வேண்டும் என்று தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். சான்றிதழ் நகலோடு ஆடியாலஜிஸ்ட்டின் அறிக்கையையும் இணையுங்கள்.

2. ‘வேறு பள்ளி பாருங்கள்’ என்பதை எழுத்தில் கேளுங்கள். டி.சி. கேட்டு நீங்களாக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. பதில் வராவிட்டால், மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அனுப்புங்கள்.

4. அதிலும் தீராவிட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யுங்கள். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. இதற்கு வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, நீங்களே ஆஜராகலாம்.

சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரையிலும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க 89-வது பிரிவில் இடமிருக்கிறது. பெரும்பாலும் அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது. பிரிவு எண்ணோடு ஒரு கடிதம் போனாலே பள்ளிகள் இறங்கி வருவதுண்டு. கல்வி ஆண்டு முடியும்வரை காத்திராமல் இந்த வாரமே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.