இருபது நிமிடத் தொலைவா?

ஸ்ரீநகருக்கும் லேவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 255 கிலோமீட்டர். கார்கில் வழியே சாலையில் 420 கிலோமீட்டர் அளவாகும். மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானத்திற்கு இருபது நிமிடம் போதுமெனக் கணக்கிடுகிறோம். கால அட்டவணையோ இருமடங்குக்கு மேல் காட்டும். விமானம் தரையில் ஊரும் நேரமும் அதில் அடங்கும். மேலேறும்போதும் மலைகளிடையே இறங்கும்போதும் முழு வேகம் வாய்ப்பதில்லை.

லே விமான நிலையம் 3,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பிற்பகலில் பலத்த காற்றும் வீசும். ஆகவே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இயங்குகின்றன. காலை விமானம் ரத்தானால் மறுநாள்வரை காத்திருக்க நேரலாம். எனவே திரும்பும் நாளிலேயே ஸ்ரீநகரிலிருந்து அடுத்த விமானத்திற்குச் சீட்டு எடுக்காதிருப்பதே நலம். தவறவிட்ட தனிச்சீட்டுக்குப் பணம் திரும்புவது அரிது.