தேடு பொறியும் நம் பேரேடும்

இன்றைய தினம் நம்மவரில் பெரும்பாலோர் கைபேசியில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, முதலில் வந்து நிற்பதையே மெய்யென நம்பிவிடுகின்றனர். அடியேனும் அவ்வண்ணமே நம்பி 800 வெள்ளி இழந்தவன். ஆதலின் தேடு பொறி எனப்படும் சாதனம் எங்ஙனம் வேலை செய்கிறது என்பதை நாம் அறிந்துகொள்ளல் நலம்.

நாம் கேட்ட பிறகுதான் அது உலகமெங்கும் ஓடித் தேடுகிறதென எண்ணுதல் தவறு. அது முன்னரே தேடி எழுதி வைத்துவிட்டது. கடை வைத்திருப்போருக்கு இது எளிதில் விளங்கும். அன்றன்று நடந்ததைக் குறிப்பேட்டில் தேதி வரிசையில் எழுதுகிறோம். பிறகு அதையே பேரேட்டில் ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுகிறோம். "இன்னார் பாக்கி எவ்வளவு?" என்று கேட்டால் குறிப்பேடு முழுவதையுமா புரட்டுவோம்? பேரேட்டில் அவர் பக்கத்தைத் திறந்தால் தீர்ந்தது. தேடு பொறியும் அஃதே. 'சிலந்தி' என்று பெயரிட்ட கணினி நிரல் ஓர் இணையப் பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது. இப்படிக் கோடிக்கணக்கான பக்கங்களில் கண்டதை ஒவ்வொரு சொல்லின் பேரிலும் கணக்காக ஏற்றி வைக்கிறார்கள். 'அரிசி' என்று நாம் கேட்டால் அரிசியின் கணக்கைத் திறக்கிறது, அவ்வளவே. ஏற்றாத சரக்கு அதற்குத் தெரியாது.

இனி, எதை முதலில் காட்டுவது? 1994இல் தோன்றிய யாஹு, ஆட்களைக் கொண்டே பட்டியல் தயாரித்தது. 1998இல் லாரி பேஜ், செர்கி பிரின் இருவரும் நிறுவிய கூகுள், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்த்தது. கடன் கேட்டு வருபவருக்கு நாலு பேர் ஜாமீன் சொல்வது போல! அந்த நாலு பேரும் நாணயஸ்தர்கள்தாமா என்பதும் அதன் கணக்கில் உண்டு. இப்போது வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துள்ளன. எனினும் இது மதிப்புப் போடுதலே அன்றி, மெய் பொய் விசாரணை அன்று.

இந்த வரிசைக்கும் மேலே நிற்பது காசு கொடுத்தோர் விளம்பரம். அடியேன் ஏமாந்தது அங்கேதான். சென்ற ஆண்டு ஒரு வங்கியின் தொலைபேசி எண்ணைத் தேடினேன். முதலில் நின்றது விளம்பரம். அதன் குறி பொடியெழுத்தில் இருக்கத்தான் செய்தது. மூக்குக்கண்ணாடி போட்டும் கண்ணில் படவில்லை. மறுமுனையில் பேசியவன் மிகுந்த மரியாதையோடு ரகசிய எண்ணைக் கேட்டான். கொடுத்தேன். வங்கி அட்டையின் பின்புறமே சரியான எண் அச்சாகியிருக்கிறது என்று கடைப் பையன் எடுத்துக் காட்டியபோது பணம் போய்விட்டிருந்தது.