கத்திரியில் சென்னை போகிறவர்களுக்கு: கடற்காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்

மே விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சென்னை போக நினைப்பவர்கள் எல்லோரும் கேட்பது, “அங்கே எத்தனை டிகிரி?” என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடற்காற்று எத்தனை மணிக்கு ஊருக்குள் நுழையும்? பகல் பன்னிரண்டுக்கு நுழைந்துவிட்டால் 37 டிகிரிக்குப் பக்கத்தில் அன்றைய வெயில் அடங்கிவிடும். மூன்று மணி வரை வராமல் போனால் 40-ஐத் தாண்டி 42-ஐயும் தொடும். ஒரே வாரத்தில் இந்த இரண்டு வகை நாளும் வந்து போகும். ஆகவே இன்ன தேதியில் இன்ன இடம் என்று இப்போதே எழுதி வைத்துவிடாதீர்கள். காலையையும் மாலையையும் மட்டும் நிரப்புங்கள். நடுப்பகலில் எங்கே இருப்பது என்பதை அன்று காலை பத்து மணிக்கு முடிவு செய்தால் போதும்.

அக்னி நட்சத்திரத் தேதிகளை வைத்துப் பயணத்தைத் தள்ளிப்போடுவதிலும் பெரிய பயன் இல்லை. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடிவது பஞ்சாங்கக் கணக்கு. வெயில் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003-இல், கத்திரி முடிந்த பிறகு, மே மாதக் கடைசியில். 2023-இல் ஜூன் முதல் தேதி திறக்க வேண்டிய பள்ளிகளை வெயிலுக்காக இரண்டு முறை தள்ளிவைத்தார்கள். “கத்திரி கழியட்டும், ஜூன் முதல் வாரம் போகலாம்” என்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பார்க்கும் முறை

வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெல்லத்தான் சூடாகும். தரைமேல் உள்ள காற்று சூடேறி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல் பக்கமிருந்து ஈரக்காற்று உள்ளே வரும். இதற்குக் குறுக்கே நிற்பது மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. அது பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று கரையிலேயே தடுக்கப்பட்டு நிற்கும்; மேற்குக் காற்று தளரும்போதுதான் உள்ளே வரும். சில நாள் நகரின் மேற்குப் பகுதிகளுக்கு அது வந்து சேர்வதே இல்லை.

காலை பத்து மணிக்கு விடுதி வாசலில் நின்று தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கடல் பக்கம் சாய்ந்து விடாமல் படபடத்தால் மேற்குக் காற்று பலமாக இருக்கிறது என்று பொருள்; அன்று நான்கு மணி வரை வெளி வேலை வேண்டாம். ஓலை அசையாமல் நின்றாலோ, தென்கிழக்குப் பக்கமிருந்து லேசாகக் காற்று வரத் தொடங்கினாலோ, நாள் கொஞ்சம் இரக்கம் காட்டும். கைப்பேசியில் பார்ப்பவர்கள் டிகிரியோடு காற்றின் திசையையும் மணிவாரியாகப் பாருங்கள். மேற்கு, வடமேற்கு என்று இருப்பது எத்தனை மணிக்குத் தென்கிழக்காக மாறுகிறதோ, அதுதான் உங்களுக்கு வேண்டிய நேரம்.

இந்திய வானிலைத் துறையின் ‘மௌசம்’ செயலி எச்சரிக்கைகளை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் போட்டுக் காட்டும். அதைப் பாருங்கள், ஆனால் எச்சரிக்கை இல்லாததை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடலோர ஊர்களில் வெப்பம் 37 டிகிரியைத் தொட்டு, அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் வெப்ப அலை என்று கணக்கு. மே மாதச் சென்னைக்கு இயல்பே 37, 38 என்பதால், 40 டிகிரியும் புழுக்கமுமாக வதைக்கும் நாளுக்கு அந்தப் பெயர் கிடைக்காது.

கடற்காற்று வந்த பிறகும் நிம்மதி முழுசாக வந்துவிடாது. சூடு குறையும், ஈரம் ஏறும். வியர்வை காயாமல் சட்டை முதுகோடு ஒட்டும். மேற்குக் காற்று நாளில் இதற்கு நேர்மாறாக வியர்த்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். தண்ணீர் எவ்வளவு இழந்தோம் என்று உடம்புக்குத் தெரியாததால் இதுதான் அதிக ஆபத்து. வேலூர், சேலத்துக்காரர்களுக்கு வறண்ட சூடு பழக்கம், புழுக்கம் புதிது. கோவையிலிருந்து வருகிறவர்களுக்கு இரவுதான் சோதனை. சென்னையில் விடியற்காலையிலும் 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் உண்டு. உறவினர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம் என்ற திட்டத்தை, வயதானவர்களும் கைக்குழந்தையும் கூட வந்தால் மறுபடி யோசியுங்கள். பகலில் வாங்கிய சூட்டை உடம்பு தணித்துக்கொள்வது இரவில்தான்.

எங்கே தங்குவது, எப்படிச் சேர்வது

கடற்காற்று கரையோரத்தை முதலில் தொட்டுவிட்டுத்தான் மேற்கே நகரும். நுங்கம்பாக்கத்தில் வெப்பம் இறங்கத் தொடங்கிய பிறகும் மீனம்பாக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, திருவான்மியூர் பக்கம் தங்குவது, பூந்தமல்லி, அம்பத்தூர் பக்கம் தங்குவதைவிட நல்லது. வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையை எடுக்காதீர்கள். பகல் முழுக்கச் சூடேறிய தளம் நள்ளிரவு வரை அனலை இறக்கும்.

தென் மாவட்டங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள் இப்போது இறங்குவது கிளாம்பாக்கத்தில். அங்கிருந்து நகருக்குள் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். விடிவதற்குள் வந்து சேரும் வண்டியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஊர் திரும்பும் சீட்டையும் இரவு வண்டிக்கே எடுங்கள்.

காலை, பகல், மாலை

மே மாதத்தில் 5.45-ஐ ஒட்டியே சூரியன் கடலுக்கு மேலே வந்துவிடும். மெரினா நடை, கபாலீசுவரர் கோயில், சாந்தோம், பார்த்தசாரதி கோயில் எல்லாம் ஒன்பது மணிக்குள் முடியட்டும். கோயில் பிராகாரக் கல்லில் பத்து மணிக்குமேல் வெறுங்காலோடு குழந்தைகளால் நடக்க முடியாது. மதியம் கோயில் நடையும் சாத்தியிருக்கும்.

மாமல்லபுரத்துக்கு ஒரு நாள் ஒதுக்குவது எல்லோர் திட்டத்திலும் இருக்கும். அதுதான் எல்லோரும் தடுமாறும் நாளும்கூட. பத்து மணிக்குச் சென்னையில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், உச்சி வெயிலில் கருங்கல் பாறைக்கு நடுவே போய் நிற்பீர்கள். அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் மூன்றுக்கும் நடுவே நிழல் குறைவு. விடியலில் கிளம்பி பத்துக்குள் பார்த்து முடித்துவிடுங்கள். அது முடியாத குடும்பம் முந்தைய இரவே அங்கே போய்த் தங்கலாம்.

பதினொன்று முதல் நான்கு வரை கூரைக்கு உள்ளே இருங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கே அரை நாள் தரலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. குளிர்சாதன வசதியும் உண்டு. வார விடுமுறையைப் பார்த்துப் போங்கள். எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறக்காது, வண்டலூர் பூங்கா செவ்வாய்க்கிழமை திறக்காது. வெயிலில் ஆட்டோ பிடித்து வந்து பூட்டிய கதவின் முன் நிற்பதில் பாதி நாள் போய்விடும். வண்டலூருக்குக் காலையில் திறந்ததும் போவதுதான் சரி. மதியம் அங்குள்ள விலங்குகள் மனிதர்களைவிட விவரமாக நிழலில் படுத்துக்கொள்ளும், ஒன்றும் கண்ணில் படாது.

மாலையில் கடற்கரைக்குப் போகலாம். குளிக்க மட்டும் இறங்க வேண்டாம். மெரினாவில் அலையின் இழுப்பு பொல்லாதது. புழுக்கத்தில் ஆசைப்பட்டு இறங்குகிறவர்கள்தான் சிக்குகிறார்கள்.

வங்கக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் உடனே மகிழ வேண்டாம். 2010-இல் லைலாவும் 2016-இல் ரோனுவும் மே மாதத்திலேயே சென்னையில் மழையைக் கொட்டின. ஆனால் 2019-இல் ஃபானி வரும் என்று காத்திருந்த ஊருக்கு மழை வரவில்லை. புயல் ஒடிசாவின் பூரிக்குப் போய்விட்டது. இப்படி விலகிப் போகும் புயல் மேற்கிலிருந்து வறண்ட காற்றை இழுத்துக் கடற்காற்றையும் தடுத்துவிடும். புயல் எங்கே போகிறது என்று தெளிவாகும்வரை வெயில் நாளுக்கான ஏற்பாட்டையே வைத்திருங்கள். மாலை இடி கேட்டால் மணலிலும் மொட்டை மாடியிலும் நிற்காதீர்கள்.

தண்ணீரும் உடம்பும்

வெளியூரில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று அஞ்சிப் பெண்களும் பெரியவர்களும் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதுதான் பயணங்களில் நடக்கும் பெரிய தவறு. மெட்ரோ நிலையம், அருங்காட்சியகம், பெரிய உணவகம் என்று வழியில் கழிப்பறை உள்ள இடங்களை முன்கூட்டியே குறித்துச் சொல்லிவிடுங்கள், தானாகக் குடிப்பார்கள். மோர், இளநீர், நுங்கு, பானகம் எல்லாம் நல்லவை. சாலையோர ஐஸ் போட்ட சர்பத்தைத் தவிர்ப்பது வயிற்றுக்கு நல்லது. ஓ.ஆர்.எஸ். பொடியாகவே வாங்கி, பொட்டலத்தில் சொல்லியுள்ள அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைக் கார் டிக்கியில் விட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு வந்தால் நிழலில் உட்கார்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு அனலாய்க் கொதித்தாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா இருக்கக் கூடாது: துணியைத் தளர்த்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்து எழுந்து “எனக்கு ஒன்றுமில்லை, வாங்க போகலாம்” என்று அவரே சொன்னாலும், மருத்துவமனையில் காட்டிவிட்டு அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வையுங்கள். மறுநாள் காலைத் திட்டத்தையும் சேர்த்து ரத்து செய்துவிடுங்கள்.