முட்டை அட்டையில் விழுந்த சொட்டு

ஆண்டகளூர்கேட்டில் வண்டிகள் நெருக்கி நிற்கும் நேரத்தில்தான் அந்த வாடை வரும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. நின்றால் எண்ணெய்ச் சட்டி தீய்ந்த நாற்றம். முன்னால் நிற்கும் லாரிக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒரு மாதம் ஓட்டினேன். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்த அன்றுதான் ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்திருந்தது தெரிந்தது.

என்னுடையது பத்து வருடம் ஓடிய நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க ராத்திரி அடியில் அட்டை விரிக்கச் சொன்னார்கள். நாமக்கல் பக்கம் அட்டைக்கா பஞ்சம்? ரெண்டு முட்டை அட்டையை விரித்தேன். காலையில் பின்பக்கக் குழிகளில் நாலைந்து கறுப்புச் சொட்டு. கியர்பாக்ஸ் பக்கம்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டினேன். முதல் தப்பு அது. ஆயில் மேலே கசிந்து, இன்ஜின் சுவரோடு வழிந்து, கடைசியில் தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பனியன் வேஸ்ட்டில் டீசல் நனைத்து, ஆறின இன்ஜினைச் சுத்தமாகத் துடைத்து, காய்ந்தபின் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்ச் அடித்தேன். இன்ஜின் உச்சியை மூடியிருக்கும் டேப்பட் கவரின் பின்விளிம்பு மினுமினுத்தது. அங்கிருந்து வழிந்த ஆயில் சூடான சைலன்சர் மேனிஃபோல்டில் பட்டுத்தான் அந்தக் கருகல். தீப்பிடிக்கக்கூட வாய்ப்புள்ள இடம் அது. வாடை வந்தால் என்னைப்போல ஒரு மாதம் ஓட்டாதீர்கள்.

அடுத்து ஸ்பேனரை எடுத்தேன். கவர் போல்ட்டை நன்றாக முறுக்கினால் நிற்காதா? நிற்காது. பழைய ரப்பர் பேக்கிங் சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் படியாது. கீழே இருப்பதோ அலுமினிய ஹெட். ஒரு போல்ட் சட்டென்று லேசானது. மரை போய்விட்டது. அதற்கு ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட ஆன செலவு பேக்கிங் விலையைவிட அதிகம். இந்தச் சின்ன போல்ட்டுகளுக்குப் பெரும்பாலான சின்ன இன்ஜின்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கே போதும். உங்கள் வண்டிக்கான கணக்கை அதன் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு கிடைத்த விலைக்கு ஒரு பேக்கிங் வாங்கி, சந்தேகத்துக்குச் சுற்றிலும் சிலிகான் பேஸ்ட்டையும் அப்பி மாட்டினேன். ரெண்டே மாதத்தில் அதே விளிம்பில் அதே ஈரம்.

அப்போதுதான் ஊரில் ஓய்வாக இருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளோடு வடநாடு முழுக்கச் சுற்றிய மெக்கானிக். ஸ்பேர் கிடைக்காத பொட்டல் காட்டில் வேலை பார்த்தவர்கள், மாட்டுவதற்கு முன்னால் ஏன் போச்சு என்று கேட்பார்கள். அவரும் பேக்கிங்கைப் பார்க்கவே இல்லை.

“ஏனுங்க தம்பி, பி.சி.வி. வால்வைக் கழட்டிப் பாத்தீங்களா? ஏப்பம் போற வழிய அடைச்சுப்போட்டு வாய இறுக்கிக் கட்டுனா, காத்து எங்கதாங்க போகும்?”

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் வாயு அடியில் இறங்கும். அதை இழுத்து மறுபடி இன்ஜினுக்கே எரியக் கொடுப்பது பி.சி.வி. வால்வின் வேலை. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், இளைத்த இடத்தில் ஆயில் பிதுங்கும். என் வண்டி தினமும் ஓடியது பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீட்டர். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவேன். ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு சேர்ந்து சேறாகி வால்வை அடைத்திருந்தது. கழற்றிக் குலுக்கினால் ‘டக் டக்’ என்று ஆட வேண்டியது ஊமையாக இருந்தது. வீட்டிலேயே இன்னொரு சோதனையும் செய்யலாம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் ஒரு பாலித்தீன் தாளை வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் சரி. மேலே உப்பினால் பேக்கிங் வாங்கப் போகாதீர்கள், முதலில் அடைப்பைப் பாருங்கள்.

வால்வு அடைப்பைச் சரிசெய்துவிட்டு, மூன்றாவது முயற்சியாக, அவர் பக்கத்தில் உட்கார, புது பேக்கிங்கை நானே மாட்டினேன். வயர்களைக் கழற்றுமுன் போனில் ஒரு படம். பிளக் குழிகளுக்கான ரப்பர் வளையங்களும் சேர்ந்த செட்டாக வாங்கியிருந்தேன். ஏற்கெனவே ஒரு குழியில் ஆயில் தேங்கியிருந்தது. அதைத் துணியால் உறிஞ்சி எடுத்த பிறகே பிளக்கைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கும். முன்பு நான் அப்பிய சிலிகானைச் சுரண்ட ஒரு மணி நேரம் ஆனது. இரும்புத் தகடு கூடாது, அலுமினியத்தில் கோடு விழும், காலாவதியான ஏ.டி.எம். கார்டு போதும். உள்ளே பிதுங்கும் சிலிகான் துணுக்கு உடைந்து விழுந்தால் ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைக்கும் என்று அவர் திட்டிக்கொண்டே இருந்தார். ரப்பர் பேக்கிங் காய்ந்தபடிதான் உட்கார வேண்டும். டைமிங் செயின் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகளில் மட்டும் பட்டாணி அளவு பேஸ்ட். நடுவிலிருந்து ஆரம்பித்துக் குறுக்கும் நெடுக்குமாக, ரெண்டு சுற்றில் முறுக்கினோம். பேஸ்ட் இறுகட்டும் என்று மறுநாள் வரை வண்டியைத் தொடவில்லை.

அதற்கப்புறம் ஒரு கோடை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் காரணமே இல்லாமல் சேலம் வரை ஒரு நடை ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடேற்றிவிட்டு வருகிறேன். வீட்டில் இதைப் பெட்ரோல் செலவு என்கிறார்கள். முட்டை அட்டை இன்னும் காருக்கு அடியில்தான் கிடக்கிறது, குழிகள் காய்ந்தபடி.