களஞ்சியத்தைக் காத்தல்: கட்டடமும் கூலமும்
(எலவனாசூர்கோட்டை – கல்வராயன் மலை வட்டாரத்தை முன்வைத்து)

‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்னும் பழமொழி இன்றும் மக்கள் வழக்கில் உள்ளது. அதில் வரும் குதிர் வழக்கொழிந்துவிட்டது. ஒரு மனிதர் ஒளிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய தானியக் கொள்கலம் வீட்டினுள் இருந்தது என்னும் செய்தியைத் தெரிந்து அப்பழமொழியைச் சொல்வோர் குறைவு. சொல் எஞ்சிப் பொருள் மறைந்த இந்நிலையில், பழைய களஞ்சியங்களைக் காக்கவும் புதுப்பிக்கவும் அண்மைக் காலத்தில் சில முயற்சிகள் நடந்துள்ளன. அவற்றில் காக்கப்பட்டது எது, காத்தவர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கட்டடத்தைக் காத்தலும் களஞ்சியத்தைக் காத்தலும் ஒன்றல்ல என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தைச் சார்ந்த எலவனாசூர்கோட்டைப் பகுதி இவ்வாய்வுக்கு ஏற்ற களம். கிழக்கே நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி. மேற்கே சாமையும் கேழ்வரகும் விளைந்த கல்வராயன் மலை. நன்செய்க் களஞ்சியமும் மலைக் குதிரும் ஒரே மாவட்டத்திற்குள் எதிரெதிரே நிற்கின்றன.

கூடும் குதிரும்

இவ்விரு மரபுகளையும் வேறுபடுத்திக் காட்டும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று பெரும்பாணாற்றுப்படை. முல்லை நிலத்துச் சிற்றூரைக் கூறுமிடத்துக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் முற்றத்தில் நிற்கும் குதிர்களைப் பெண் யானைக் கூட்டத்திற்கு ஒப்பிடுகிறார். அவ்வூரார் உண்பது வரகுச் சோறு. மருத நிலத்திற்கு வரும்போது சொல் மாறுகிறது. ஏணிக்கும் எட்டாத உயரமுடையதாக, உச்சியைத் திறந்து நெல் சொரியப்பட்டதாக, பழைய நெல் தங்கியதாக அங்கே ‘கூடு’ பேசப்படுகிறது. உரைகாரர் வழிவந்த வாசிப்பில் இவ்விரு சொற்களும் ஒருபொருட்கிளவியாகவே பெரிதும் கொள்ளப்படுகின்றன. ஆயினும் நூலுள் அவை நிற்கும் இடம் கருதத்தக்கது. குதிர் முற்றத்தில் பலவாக நிற்கிறது. கூடு நல்லில்லத்தில் ஓங்கி நிற்கிறது. முன்னது புன்செய்க் கூலத்துக்கு உரியது, பின்னது நெல்லுக்கு உரியது.

பிற்கால வழக்கில் இச்சொற்றொகுதி மேலும் விரிகிறது. சேர், பத்தாயம், குலுக்கை, தொம்பை என்பன வீட்டளவின. களஞ்சியம், பண்டாரம், கொட்டாரம் என்பன கோயிலுக்கும் அரசுக்கும் உரியன. இரண்டாம் வரிசைச் சொற்களில் சேமிப்பை விட அதிகாரத்தின் மணமே மிகுதி. பண்டாரம் என்பது கருவூலத்தையும் குறிக்கிறது. கொட்டாரம் என்பது மலையாளத்தில் அரண்மனையாகவே நிலைத்துவிட்டது.

திருப்பாலைத்துறைக் களஞ்சியம்

கோயிற் களஞ்சியங்களுள் இன்று முழு வடிவில் காணத்தக்கது பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைப் பாலைவனநாதர் கோயிலில் உள்ள செங்கற் களஞ்சியம். தஞ்சை நாயக்கர் காலத்தது, 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. வட்ட அடித்தளத்தின்மீது எழுந்து மேலே குவிந்து முடியும் இது ஏறத்தாழ 35 அடி உயரமுடையது. 3000 கலம் நெல் கொள்ளும் என்பது வழங்கிவரும் கணக்கு. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் எனக் கொண்டால் 36,000 மரக்கால் நெல் ஆகும். வெவ்வேறு உயரங்களில் அமைந்த வாயில்கள் வழியே மேலிருந்து நெல்லைக் கொட்டிக் கீழிருந்து எடுப்பது இதன் இயக்கம். உச்சியைத் திறந்து சொரியும் பெரும்பாணாற்றுப்படைக் கூட்டின் இயக்கமும் இதுவே. இடையில் பல நூற்றாண்டுக் கால இடைவெளி இருந்தும், முதலில் வந்த நெல் முதலில் வெளியேற வேண்டும் என்னும் அடிப்படை மாறவில்லை.

இக்கட்டடம் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளதால் அழிவினின்று தப்பியது. செஞ்சிக் கோட்டையின் பெருங்களஞ்சியங்களும் இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளன. மராட்டியப் படைத்தள நிலவமைப்புகளுள் ஒன்றாக அக்கோட்டை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. திருவரங்கத்தில் கொட்டாரம் எனப்படும் வட்டக் களஞ்சியங்கள் உள்ள திருவரங்கநாதர் கோயிலின் புனரமைப்புக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. கல், செங்கல், சுண்ணாம்பு என்ற அளவில் இவை வெற்றிகளே. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துச் செங்கலை உதிர்க்கும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளிவிடும். இவ்வுண்மையைப் புரிந்து செய்யப்படும் திருப்பணிகள் இன்னும் குறைவு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

எனினும் இக்களஞ்சியங்கள் எவையும் இன்று ஊர் நெல்லால் நிறைவதில்லை. இதற்குக் காரணம் கட்டடத்தில் இல்லை. களஞ்சியத்தை இயக்கியது மரக்கால். தஞ்சைப் பெருவுடையார் கோயில் நெல் ‘ஆடவல்லான்’ என இறைவன் பெயர் தாங்கிய மரக்காலால் அளக்கப்பட்டது என்று கல்வெட்டுகள் கூறுகின்றன. அளவையே தெய்வத்தின் பெயரைப் பெறும் அளவுக்கு அளத்தல் என்பது ஒரு சமூக ஒப்பந்தமாக இருந்தது. கோயில் நிலக் குத்தகை நெல்லாக வந்துசேரும் வழக்கு குன்றியபோது அவ்வொப்பந்தம் தளர்ந்தது. 1965இல் இந்திய உணவுக் கழகம் தோன்றியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரிலேயே அமைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. நெல், களத்திலிருந்து கொள்முதல் நிலையத்திற்கு நேரே செல்லத் தொடங்கியது. இதை வீழ்ச்சி என்று மட்டும் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. பழைய களஞ்சியத்தில் நெல் அளந்தவர் அனைவரும் மனமுவந்து அளந்தவரல்லர். எலவனாசூரின் கல்வெட்டுச் சான்று இதற்குத் துணை நிற்கிறது.

யார் நெல்?

கல்வெட்டுகளில் இறையானரையூர் எனப்படும் எலவனாசூரின் அர்த்தநாரீசுவரர் கோயில் இவ்வட்டாரச் சமூக வரலாற்றுக்கு இன்றியமையாத கல்வெட்டு ஒன்றைக் கொண்டுள்ளது. 1429ஐ ஒட்டி விருத்தாசலம், கொறுக்கை, ஆடுதுறை, திருவைகாவூர் ஆகிய ஊர்களில் பொறிக்கப்பட்ட கிளர்ச்சிக் கல்வெட்டுகளோடு இதனையும் இணைத்து நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆராய்ந்துள்ளனர். வலங்கையினரும் இடங்கையினரும் தம் பகையை விடுத்து ஒன்றுகூடி, காணியாளரும் இராசகரத்தாரும் சுமத்திய வரிக்கொடுமையை எதிர்த்து உறுதி பூண்ட செய்தியை இக்கல்வெட்டுகள் தருகின்றன. களஞ்சியம் நிறைய நெல் அளந்தவர்களின் குரல் கல்லில் பதிவான அரிய தருணம் இது. களஞ்சியக் கட்டடம் நிறைவைக் காட்டும். அந்நிறைவு யாரிடமிருந்து வந்தது என்பதைக் காட்டாது. எனவே ஒரு களஞ்சியத்தைச் ‘சமூகச் சொத்து’ என்று இன்று அறிவிப்போர், அது முன்னர் எச்சமூகத்தின் சொத்தாக இருந்தது என்னும் வினாவைக் கடந்தே வரவேண்டும்.

ஒப்புநோக்க ஓர் அயல்நாட்டுச் சான்று பயன்படும். எலவனாசூர்க் கல்வெட்டுக்குச் சற்று முன்னர், 1426–27இல், இலண்டனுக்கு மேற்கே ஹார்மண்ட்ஸ்வொர்த் என்னும் ஊரில் ஒரு பெரும் மரக்களஞ்சியம் எழுந்தது. நிலவுடைமையாளரான வின்செஸ்டர் கல்லூரி தன் பண்ணை விளைச்சலை வைக்கக் கட்டிய இது 192 அடி நீளமுடையது. அதன் ஓக் மரச் சட்டகத்தின் பெரும்பகுதி இன்றும் பழைய மரமே. 2006இல் ஒரு பவுண்டு விலைக்குக் கைமாறிய பின் பழுதுபார்ப்பாரின்றிச் சிதைந்த இக்கட்டடத்தை, உள்ளூர் மக்களும் வரலாற்று ஆர்வலரும் தொடர்ந்து வலியுறுத்தியதன் பின்னர், 2012இல் 20,000 பவுண்டுக்கு இங்கிலாந்தின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு வாங்கியது. இன்று அதைத் திறந்து காட்டுவோர் உள்ளூர்த் தன்னார்வலர். உடைமையாளர் கட்டியதை, உடைமையில்லாத ஊரார் தமதாக்கிக்கொண்டனர். ஆயினும் அங்கும் களஞ்சியத்துள் தானியமில்லை. ஊரார் மீட்டது கட்டடத்தை.

கொல்லிமலைத் தொம்பை

தானியத்தோடு சேர்த்து மீட்கப்பட்ட களஞ்சியத்திற்குச் சான்று தேடினால் பெருங்கட்டடங்களை விட்டு மலைக்குச் செல்ல வேண்டியுள்ளது. மூங்கிற் சிம்பால் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, தரையீரம் படாதவாறு உயர்த்தி அமைக்கும் தானியக் கூடு தொம்பை எனப்படும். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களின் மற்றொரு வாழிடமான கொல்லிமலையில், 1990கள் தொடங்கி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைவாழ் குடும்பங்களோடும் தன்னுதவிக் குழுக்களோடும் இணைந்து செய்த சிறுதானிய மீட்பில் தொம்பை மீண்டும் இடம்பெற்றது. சமூக விதை வங்கியில் விதை கடனாகப் பெற்று, அறுவடைக்குப் பின் கூடுதல் அளவோடு திருப்பித் தரும் ஏற்பாடு உருவானது. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஆகியவற்றின் உள்ளூர் இரகங்கள் அதனுள் சேர்ந்தன. பின்னர் அங்குள்ள உழவர்களே கூட்டமைப்பு ஒன்றையும் அமைத்தனர்.

இம்முயற்சியில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. தொம்பையைப் புதுப்பித்ததால் மட்டும் சிறுதானியம் திரும்பவில்லை. சாமையைக் குற்றிப் புடைக்கும் உழைப்பு முழுவதும் பெண்கள்மீது விழுந்தமையே அதை மக்கள் கைவிட ஒரு பெருங்காரணம். ஊருக்குள் சிறுதானிய அரவை எந்திரம் வந்த பின்னரே அச்சுமை குறைந்தது. களஞ்சியத்தைக் காக்க எந்திரம் தேவைப்பட்டது என்பது மரபுக் காப்பாளர் சிலருக்கு உவப்பாக இராது. உலக்கையை யார் பிடித்தார் என்று கேட்காத மரபுப் பற்று அரைகுறையானதே.

வடிவ நோக்கில் தொம்பை அழியும் தன்மையது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச்சும் கூரையும் மாற்றப்பட வேண்டும். தொல்லியல் அளவுகோலின்படி இது குறை. களஞ்சியம் என்ற நோக்கில் இதுவே அதன் உயிர். புதுப்பிக்கும் கைத்திறம் ஒவ்வொரு தலைமுறைக்கும் தேவைப்படுவதால் அது கைமாறிக்கொண்டே வருகிறது. பாட்னாவில் 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பின் ஆங்கிலேயர் எழுப்பி 1786இல் முடித்த கோல்கர் என்னும் மாபெரும் செங்கற் களஞ்சியம் இதற்கு நேர்மாறான சான்று. இன்றும் உறுதியாக நிற்கும் அது, ஒருகாலும் முழுமையாக நிறைந்ததில்லை என்பர்.

கல்வராயன் மலைக்கு

கொல்லிமலைப் பட்டறிவைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுவரும்போது முதலில் எதிர்ப்படுவது மரவள்ளி. சேலம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்லும் இக்கிழங்கு, சாமைக் கொல்லைகளை இரு மலைகளிலும் சுருக்கியது. பிடுங்கிய கிழங்கு சில நாட்களில் கெடும்; ஆலைக்கு உடனே போயாக வேண்டும். உமியோடு வைத்த சாமையோ ஆண்டுக்கணக்கில் கெடாது. மரவள்ளிக்குக் குதிர் வேண்டியதில்லை. ஆகவே குதிர் அழிந்ததற்கு மக்களின் மறதியைக் காரணம் காட்டுவதை விட, சேமிக்க இயலாத பயிருக்கு நிலம் மாறியதைக் காரணம் காட்டுவதே பொருந்தும். சேமிக்க இயலாத பயிரை விளைவிப்பவர் அன்றைய விலைக்கே விற்கிறார். குதிருடையவர் விலைக்காகக் காத்திருக்க இயலும்.

இந்நிலையில் கல்வராயன் மலையில் எஞ்சியுள்ள குதிர்களையும் தொம்பைகளையும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்வது எளிது. அவை நின்ற வீட்டிலேயே ஒரு பருவச் சாமையால் நிரப்புவது கடினம். அதற்கு விதையும், ஆலை முன்பணத்துக்கு மாற்றான ஒரு கடன் வழியும், அரவை எந்திரமும் வேண்டும். தமிழ் ஆய்வாளர் செய்யக்கூடிய பணி இதனினும் சிறியது, ஆனால் காலங்கடத்த முடியாதது. குதிரின் அடி, வாய், மூடி, அடைப்பு, பூச்சுக் கலவை, உள்ளிறங்கி எடுக்கும் முறை, அளக்கும் படி, அளக்கும்போது எண்ணிக்கைக்குச் சொல்லும் சொல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மலையில் வழங்கும் பெயரைக் குதிரைப் புனைந்தவர் வாயிலாகவே தொகுக்க வேண்டும். புனைந்தவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள்.