அவ்வையார் பள்ளியில் சேரும் மருமகளுக்கு

அன்புள்ள கண்ணு,

தருமபுரி அவ்வையார் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் உனக்கு ப்ளஸ் ஒன் சேர இடம் கிடைத்துவிட்டதாக உன் அப்பா போனில் சொன்னான். நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்றும் சொன்னான். உன் சித்தி மகளை ஹாஸ்டலோடு இருக்கிற தனியார் பள்ளியில் பெரிய பணம் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். நாம் மட்டும் டவுனில் இருக்கிற கவர்மென்ட் ஸ்கூலுக்கு பஸ் ஏறிப் போக வேண்டுமே என்று உனக்குக் குறை. இதே மாவட்டத்தில் அரசுப் பள்ளிகளில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதனால் ஆறுதல் சொல்ல வரவில்லை. நீ காலடி வைக்கப் போகும் இடம் எப்படி உண்டானது என்று சொல்கிறேன்.

முதலில் பெயர். தருமபுரி நகரில் பையன்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அதியமான் பெயர், பெண்களுக்கானதற்கு அவ்வையார் பெயர். இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி நெல்லிக்கனியை அவ்வைக்குக் கொடுத்த கதையை ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டிருப்பாய். அதைவிட எனக்குப் பிடித்தது, அவள் அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன கதை. ஒரு போரைத் தடுக்கும் பேச்சுவார்த்தைக்கு ஒரு பெண்ணை, அவள் சொல்லின் வலிமையை நம்பி, ஓர் அரசன் அனுப்பினான். உன் பள்ளி தாங்கியிருப்பது அந்தப் பெண்ணின் பெயரை. அதியமான் வெறும் இலக்கிய அரசனும் அல்ல. 1981இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற ஊரில் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் அவன் பெயர் இருக்கிறது. ‘சதியபுதோ’ என்ற பட்டத்தோடு இருக்கிறது. அசோகன் தன் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் வரிசையில் வைத்த சதியபுத்திரர் அதியர் குடியினர்தாம் என்பது அதனால் தெளிவானது. ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று நம் ஊரை யாராவது சொல்லும்போது இதை நினைத்துக்கொள்.

இனி பள்ளிக்கூடக் கதை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து நம் ஊர் அடங்கிய பாரமகால் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதை நிர்வகித்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக வந்த இளம் அதிகாரி தாமஸ் மன்றோ. 1799 வரை இந்தச் சீமையில் வரி வேலை பார்த்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்து வாழ்ந்தார். பின்னாளில் சென்னை மாகாண கவர்னர் ஆனதும், 1822இல் எல்லா கலெக்டர்களிடமும் ஒரு கணக்குக் கேட்டார். உங்கள் எல்லையில் எத்தனை பள்ளிக்கூடங்கள், அவற்றில் படிப்பது யார்? மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், ஏறக்குறைய 1,88,000 பிள்ளைகள் என்று பதில் வந்தது. பெண்பிள்ளைகள் அதில் மிகச் சொற்பம். 1826இல் மன்றோ எழுதிய குறிப்பு, ஒவ்வொரு தாசில்தார் எல்லைக்கும் அரசுச் செலவில் ஒரு பள்ளி வேண்டும் என்றது. மறு ஆண்டே அவர் காலராவில் இறந்துபோனார். அந்தக் குறிப்பின்படி திறந்த பள்ளிகளை 1836இல் அரசு கைவிட்டது. தாலுகா ஊருக்கு ஒரு பொதுப்பள்ளி என்ற எண்ணம் அப்படித் தோன்றி அணைந்தது. தருமபுரியில் குடியிருந்து ஊர் ஊராகச் சுற்றியவர் மனத்தில் அது பிறந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பிறகு ஜில்லா போர்டு காலம். வயதானவர்கள் இன்றும் ‘போர்டு ஸ்கூல்’ என்பது அந்த வழக்கத்தில்தான். தாலுகா ஊர்களில் உயர்நிலைப் பள்ளிகள் வந்தன, ஆனால் சம்பளம் கட்ட வேண்டும். நிலபுலன் உள்ள வீட்டுப் பையன்களும் உத்தியோகஸ்தர் வீட்டுப் பையன்களும் போனார்கள். கேழ்வரகும் சாமையும் விதைத்து மழைக்குக் காத்திருந்த வீடுகளில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அது எப்படி மாறியது என்பதுதான் நீ நன்றாகப் படிக்க வேண்டிய பகுதி. 1953இல் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றார். அவர் நம் பழைய சேலம் ஜில்லாவில், ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர், பெரிய அறிஞர். ஆனால் அந்தத் திட்டம் தவறு என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆடு மேய்ப்பவர் பிள்ளைக்கு ஆடு மேய்க்கக் கற்றுத்தர அரசாங்கம் தேவையில்லை. தமிழ்நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். ஊர்தோறும் பள்ளி திறக்க வைத்தார், 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். கல்வித் துறையின் தலைமையில் இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். ஊர்மக்கள் பெஞ்சும் கடிகாரமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அறுபதுகளில் உயர்நிலைப் படிப்பு வரை சம்பளம் இல்லை என்றானது. அதற்குப் பிறகுதான் நம் வீட்டில் ஒருவர் டவுன் பள்ளிக்குள் நுழைய முடிந்தது. உன் தாத்தா கையெழுத்துப் போடுவதோடு சரி, உனக்கே தெரியும்.

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. அரசு கலைக் கல்லூரி வந்ததும் அந்த ஆண்டுதான். 1978இல் இன்னொரு மாற்றம். அதுவரை பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடியும், பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். 1978இல்தான் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டும் பள்ளிக்கூடத்துக்குள் வந்தன. இதைப் பாடத்திட்ட மாற்றமாக மட்டும் எழுதுகிறவர்கள் பெண்பிள்ளைகளை மறந்துவிடுகிறார்கள். காலேஜ் என்றால் யோசித்த வீடுகள், அதே பள்ளி, அதே யூனிஃபார்ம், அதே டவுன் பஸ் என்றால் இன்னும் இரண்டு வருஷம் அனுப்பிவைத்தன. பெண்ணுக்கு அந்த இரண்டு வருஷம் எவ்வளவு பெரியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். உனக்குப் பதினாறு வயது. உன் வயதில் நம் மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாலி கட்டி அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் முழுதாக நிற்கவில்லை. ப்ளஸ் டூ முடிக்கிறவள் பதினெட்டை நெருங்கிவிடுகிறாள். பள்ளிக்கூட வாசல் அவளுக்கு ஒரு காவல்.

பெண்பிள்ளையைப் பிறக்கவே விடாத காலமும் இருந்தது. 2001 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகள் 1000 பேருக்குப் பெண்பிள்ளைகள் 826 பேர்தான். 2011இல் அது 913 ஆனது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடைசெய்த சட்டமும் தொட்டில் குழந்தைத் திட்டமும் பங்கு வகித்தன. படித்து வேலைக்குப் போன பெண்களை ஊர் கண்ணால் பார்த்ததும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே 2011இல் நம் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம், தமிழ்நாட்டில் கடைசி இடம். மாநிலத்தின் சராசரி 80.09. இந்த இடைவெளியில் நின்றுகொண்டு வேலை செய்யும் பள்ளி உன்னுடையது.

இப்போது அதன் குணம். உன் வகுப்பில் இண்டூர், பாப்பாரப்பட்டி, நல்லம்பள்ளி என்று பல பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், கன்னடம் பேசுகிறவள், உருது பேசுகிறவள் என்று பக்கத்துப் பக்கத்தில் உட்கார்வீர்கள். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலைக்கோ திருப்பூருக்கோ போய்விட, பாட்டியோடு இருந்து வருகிறவள் இருப்பாள். நம் டவுன் பள்ளிகளில் குரூப் கொடுக்க மார்க் பார்ப்பார்களே தவிர, வந்த பிள்ளையை வேண்டாம் என்று அனுப்புவதில்லை. எல்லோரையும் சேர்த்துக்கொள்கிற பள்ளியின் தேர்ச்சி விகிதத்தைப் பொறுக்கிச் சேர்க்கிற பள்ளியின் தேர்ச்சி விகிதத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது நியாயம் இல்லை.

மார்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் மாநில ரேங்க் பட்டியலில் நாமக்கல், கிருஷ்ணகிரி, தருமபுரி தனியார் பள்ளிகள் வரிசையாக நின்றன. அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பல இடங்களில் ப்ளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தை உருப்போட வைத்தார்கள். கல்லூரிக்குப் போனதும் பிள்ளைகள் திணறினார்கள். 2017இல் ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. 2018 மார்ச்சில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது, 2025இல் அதை நீக்கிவிட்டது. தேர்வு இல்லை என்பதற்காகப் புத்தகத்தை மூடிவிடாதே. நீட்டாக இருந்தாலும் வேறு நுழைவுத் தேர்வாக இருந்தாலும் ப்ளஸ் ஒன் பாடத்திலிருந்து கேட்பார்கள்.

அரசுப் பள்ளியில் படித்ததற்கு உரிமையாக வருவதையும் தெரிந்துகொள். ஆறிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. நம் டவுனிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கிய உதவி, படித்த பெண்ணின் கல்யாணத்துக்கானது. 2022இல் அதையே புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, கல்லூரியில் படிக்கும் வரை மாதம் 1000 ரூபாய் என்றார்கள். கல்யாணத்துக்கு என்று ஒதுக்கியதைப் படிப்புக்கு என்று திருப்பியது நல்ல முடிவு.

குறைகளும் உண்டு. வகுப்பில் கூட்டம் இருக்கும். சில அரசுப் பள்ளிகளில் வருஷப் பாதி வரை ஒரு பாடத்துக்கு ஆசிரியர் வரமாட்டார். கழிப்பறையும் தண்ணீரும் சரியில்லாமல் பெண்பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். அப்படி எதையாவது கண்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதே. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. உன் அம்மாவைக் கூட்டத்துக்குப் போகச் சொல், எழுந்து கேட்கச் சொல்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். அந்தப் பள்ளியில் படித்த பாட்டிகள் தருமபுரியிலும் சுற்று ஊர்களிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார். எந்த ஊரிலிருந்து எப்படி வந்தார்கள், எந்த டீச்சரை நினைவிருக்கிறது, எத்தனையாம் வகுப்போடு நின்றார்கள், நிறுத்தியது யார் என்று கேட்டு அவர்கள் சொல்கிறபடியே எழுது. பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பார்க்கத் தலைமை ஆசிரியையிடம் அனுமதி கேள். பெரிய மனிதர்களின் வரலாறு நிறைய அச்சாகிவிட்டது, இந்தப் பெண்களின் வரலாற்றை நீங்கள்தான் எழுத வேண்டும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, தள்ளிப்போடாதே. நோட்டு வாங்க உன் அப்பாவிடம் பணம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது எழுதியதை எடுத்து வா.

அன்புடன்,
அத்தை