வைக்கோல் ஏறும், மாடு இறங்கும்

“மழை பொய்த்தால் நெல் தட்டுப்பாடு. தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும். அப்புறம் விவசாயிக்கு லாபம்தானே?”

டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் கணக்கு இது. கையில் விற்க நெல் இருந்தால் கணக்கு சரிதான். 2016இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12இல் திறக்கவில்லை. செப்டம்பர் 20 ஆகிவிட்டது. போர்வெல் வைத்திருந்தவர்கள்தான் குறுவை போட முடிந்தது. அணைத் தண்ணீரை நம்பித் தெளித்த சம்பாவையும் மழை கைவிட்டது. வடகிழக்குப் பருவமழை அந்த ஆண்டு 62 சதவீதம் குறைவு. நாகை, திருவாரூர் கடைமடையில் பயிர் கதிர் வாங்காமலே கருகியது. வீட்டுச் சோற்றுக்கே அரிசியை விலைக்கு வாங்குகிறவருக்கு விலையேற்றம் செலவுதான், வரவல்ல.

வறட்சியில் எல்லா விலையும் ஏறுவதுமில்லை. மாட்டுச் சந்தைக்குப் போனால் தெரியும். நல்ல வருஷத்தில் காவிரி டெல்டா வைக்கோல் லாரி லாரியாக நாமக்கல்லுக்கும் கேரளாவுக்கும் போகும். அறுவடை இல்லாத வருஷத்தில் டெல்டாக்காரர்களே கட்டு வைக்கோலுக்கு அலைகிறார்கள். தீவனச் செலவு தாங்காமல் ஆளுக்கு ஆள் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வர, வாங்குவதற்குக் கறி வியாபாரியைத் தவிர யாரும் இல்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகருக்கு அன்றைக்கு வேலை சுலபம். விற்கிறவர் மாட்டைத் திரும்ப ஓட்டிப் போக மாட்டார் என்று அவருக்குத் தெரியும். அடுத்த வருஷம் மழை பெய்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மாடு வேண்டும். விற்ற விலைக்கு அப்போது கன்றுக்குட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு வறட்சியின் நஷ்டம் இரண்டு மூன்று வருஷம் இழுப்பது இப்படித்தான். நிவாரணக் கணக்கில் கருகிய ஏக்கருக்குத்தான் கட்டம் இருக்கிறது, வந்த விலைக்குத் தள்ளிய மாட்டுக்கு இல்லை.

“மழையே இல்லை என்கிறீர்களே, 2016இல்தான் வர்தா புயல் அடித்ததே!” அடித்தது, டிசம்பர் 12இல். நனைந்தது சென்னையும் சுற்றுப்புறமும். கடைமடைக்கு அதனால் என்ன?

“பஞ்சம் என்றால் நாட்டில் தானியம் இல்லை” என்பது இன்னொரு டீக்கடைக் கணக்கு. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை போய்க்கொண்டுதான் இருந்தது. ரயிலும் இருந்தது. வாங்கக் காசுதான் இல்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று நிர்ணயித்தார் பஞ்ச நிலைமையைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது உயிர் தங்கப் போதாது என்று சண்டை போட்டார். 2017இல் அப்படி நடக்காததற்கு ரேஷன் அரிசி பெரிய காரணம். ஆனால் ரேஷன் கடை அரிசி தரும், கூலி தராது. நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் ஒரே சீசனில் நின்றுபோன கூலிக் குடும்பத்துக்கு அன்று நூறு நாள் வேலைதான் மிச்சமாக இருந்தது.

“அரசு நிவாரணம் கொடுத்ததே” என்பவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2017 ஜனவரி 10இல் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தார்கள். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய். மாநிலம் மத்திய அரசிடம் கேட்டது 39,565 கோடி. வறட்சிக்கு மத்திய அரசு ஒதுக்கியது 1,748 கோடி. வந்த பணமும் காகிதத்தின் பின்னால்தான் போகும். சிட்டா யார் பெயரிலோ, அடங்கலில் சாகுபடிதாரர் என்று எழுதியிருப்பது யாரையோ, அவருக்குத்தான் பணம். டெல்டாவில் கோயில் நிலத்தையும் பண்ணையார் நிலத்தையும் வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பயிர்க் காப்பீடு பரவாயில்லை என்று நினைப்போம். அங்கே இழப்பைத் தனி வயலுக்குக் கணக்கிடுவதில்லை, வருவாய் கிராமத்துக்குக் கணக்கிடுகிறார்கள். கிராமத்தில் சில வயல்களை அறுத்து, எடைபோட்டு, சராசரி மகசூல் எடுக்கிறார்கள். அறுத்துப் பார்த்த வயல்களில் போர்வெல் தண்ணீரில் விளைந்தவை இருந்தால் சராசரி ஏறிவிடும். அதே ஊரில் ஒரு மூட்டைகூடக் காணாதவருக்கும் அப்போது இழப்பீடு குறையும், இல்லாமலும் போகும். சட்டப்படி இதில் தவறு ஏதும் இல்லை என்பதுதான் எரிச்சல்.

கடைசியாக, “வறட்சி ஆட்சியைக் கவிழ்க்கும்.” 1967ஐ உதாரணம் காட்டுவார்கள். அன்று காங்கிரஸின் தோல்விக்கு அரிசித் தட்டுப்பாடும் ஒரு காரணம், மறுக்கவில்லை. இந்தி எதிர்ப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தில் பெரும்பங்கு அரிசி வாங்குகிறவரின் கோபம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற வாக்குறுதியும் வாங்குகிறவருக்குச் சொன்னதே. மாறாக, வறண்ட வயலுக்காக 2017இல் டெல்லி ஜந்தர் மந்தரில் அய்யாக்கண்ணு தலைமையில் மண்டையோட்டுடன் உட்கார்ந்த விவசாயிகளைப் பார்க்கப் பிரதமர் வரவில்லை. 1967இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. ரூபாய்க்கு ஒரு படி அரிசியைத் தொடங்கியதும் வாங்குகிறவர்கள் இருந்த சென்னையிலும் கோவையிலும்தான்.